மெர்ரின்னா சந்தோஷமாமே!

டெல்லி சரோஜினி நகரில் டிசம்பர் மழை. கடைப் படுதாவுக்கு அடியில் ஒதுங்கி நின்ற வைதேஹியின் மூக்கில் இடித்தது ஒரு பேனர்.

"சாரிங்க..." என்றான் அதைச் சுமந்து வந்தவன்.

தமிழ்! அவள் நிமிர்ந்தாள். அம்மாடி, என்ன கண்கள்... யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற, மழை சொட்டும் கண்கள்.

அதோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன பார்வை பேனரைப் படித்துவிட்டது. மெர்ரி கிறிஸ்துமஸில், ஆங்கில 'ஈ' இருக்கவேண்டிய இடத்தில் 'ஏ'!

"அரே! மேரேஜா? கிறிஸ்துமஸை யாருக்குக் கட்டிவைக்கப் போறீங்க?"

சிரித்ததும் போதாமல் கடைக்காரரிடம் இந்தியில் வேறு சொல்லித் தொலைத்தாள். கடையே சிரித்தது.

அவன் முகம் சுண்டிப்போனது. "விருதுநகர்ல தமிழ் மீடியங்க நான். ஆபீஸ்ல என்னை நம்பிக் கொடுத்த மொத வேலை... மெர்ரின்னா என்னங்க? ஹேப்பி போதாதா?"

"ஹேப்பியா தனியாவும் இருக்கலாம். மெர்ரிக்கு நாலு பேர் வேணும். கூடிச் சிரிக்கிற சந்தோஷம்..."

"அச்சா. அப்ப இங்க எல்லாரும் மெர்ரி... என்னைத் தவிர."

பேனரைச் சுருட்டிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான்.

ஆங்கிலப் பத்திரிகையில் பிழை திருத்துவதுதான் வைதேஹிக்குப் பிழைப்பு. மறுநாள் ஒரு வரியும் கண்ணில் ஏறவில்லை. கர்வம் பிடித்த கழுதை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இனி என் முகத்திலேயே விழிக்கமாட்டானோ? பேரே தெரியாதவனுக்காக இப்படியா... நெஞ்சு கேட்கவில்லையே!

பேனரில் ஆபீஸ் பெயரும் விழாத் தேதியும் நேரமும் இருந்தன. சாயங்காலம் கேக் வெட்டும் நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றாள். 'ஏ' மேல் 'ஈ' ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேச வரும், எழுத வராது. ஆனாலும் அவனுடைய மொழியிலேயே மன்னிப்பு கேட்கவேண்டும் என்று, எழுத்துக் கூட்டி எழுதிய சீட்டை நீட்டினாள்.

படித்தான். காது மடல் சிவந்தது. அப்புறம்... ஐயோ, அந்தப் புன்னகை!

"க்யா ஹுவா? தப்பா இருக்கா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "'என்னை மன்னிக்கவும்'னு எழுத நினைச்சீங்களோ?"

"ஹான், அதேதான்!"

"'என்னை மணக்கவும்'னு எழுதியிருக்கீங்க. அதாவது... என்னைக் கட்டிக்கோங்கன்னு."

வைதேஹி சீட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான். "திருத்திடுங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

ஊர் சிரிக்க அவனை அவமானப்படுத்தியவள் அவள். அவனோ அவள் மானத்தைப் பொத்திப் பாதுகாக்கிறான்! அவளுக்குக் கண் கலங்கியது. பேனாவை வாங்கினாள். எழுத்தைத் தொடவில்லை. அடியில் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள்.

"தப்பே இல்லைங்க," என்றாள், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி. "பேர் போட மறந்துட்டேன், அவ்வளவுதான். உங்க பேர் என்ன?"

"ம... மதியழகன்."

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு, மதியழகன்."