ஜன்னலில் பன்னிரண்டு விளக்குகள்

"வீல்...!"

அலறியது கிஸ்லேன் அல்ல. தெருவில், லியோன் நகரத்து ஒளி விழாக் கூட்டத்தில் நசுங்கிய ஏதோ ஒரு குழந்தை.

கிஸ்லேனுக்கு அலறக்கூட வரவில்லை.

ஏழரை மணிக்கு, கீழ்த்தளத்துத் தன் வீட்டிலிருந்து பழப்பணியாரத்தோடு மாடியேறி வந்தவள் கண்டது... சமையலறைத் தரையில் தங்கை சோலாஞ்ச். பின்னந்தலையில் ரத்தம். பக்கத்தில் கவிழ்ந்த ஸ்டூல்.

இப்போது எட்டரை. பணியாரத் தட்டு இன்னும் கையில்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ரெவோல் அதை மெல்ல வாங்கி வைத்தார்.

"மூணுலேருந்து ஏழுக்குள்ள உயிர் போயிருக்குங்கறார் டாக்டர். ஆனா ஆறரைக்கு இந்த ஜன்னல்ல விளக்கு ஏறினதைத் தெருவே பார்த்திருக்கு. அப்போ உங்க தங்கை உயிரோட இருந்திருக்காங்க."

"அவ புருஷன்?"

"திபோவா? நாலு மணியிலேருந்து சர்ச் வாசல்ல சூடா ஒயின் ஊத்திக் குடுத்துக்கிட்டிருந்தார். பத்து சாட்சி! ஸ்டூல்லேருந்து விழுந்துட்டாங்கன்னுதான் எழுதணும் மேடம்."

"நாளைக்கு அவனை விட்டுட்டு என் வீட்டுக்கு வர்றதா இருந்தவ சார்..."

"அது காரணம். ஆதாரம் இல்லையே!"

படாரென்று கதவு திறந்தது. திபோ!

"சோலாஞ்ச்...! போன் வந்ததுமே கிளம்பிட்டேன் சார். கூட்டத்தை ஒரே பக்கமா விடறாங்க. ரெண்டு தெரு தாண்ட ஒரு மணி நேரம்!"

முகத்தைப் பொத்தி அழுதான். விரலிடுக்கில் கண்கள் ஜன்னலுக்குப் போயின.

"இனிமே இதெல்லாம் எதுக்கு... அணைச்சுடறேன்."

"தொடாதே!"

கிஸ்லேனின் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"இருபது வருஷமா லியோன்ல சோறு திங்கறே. டிசம்பர் எட்டாம் தேதி ஜன்னல்ல ஏத்தற விளக்கை எவனாவது அணைப்பானா? தானா எரிஞ்சு அடங்கணும்."

"ஆமா, பாரிஸ்காரனுக்கு என்ன தெரியும்! சாவு வீட்ல அலங்காரம் வேணுமாக்கும்?"

அவள் ஜன்னலுக்கு நடந்தாள்.

வெளித்திண்டில் அம்மாவின் வரிக் கண்ணாடிக் குவளைகள். பன்னிரண்டு. எதிர்வீட்டு விளக்குகளில் பாதியைக் காற்று தின்றுவிட்டிருந்தது. இங்கே பன்னிரண்டும் எரிந்தன.

ஒரு குவளைக்குள் விரலை விட்டாள். சுடர் மேலேயே வைத்தாள்.

ஒன்று... இரண்டு... மூன்று...

சுடவில்லை!

'நெருப்புகூடச் சுடலையே... நானும் செத்துட்டேனா?'

அதே விரலால் ஜன்னல் கம்பியைத் தொட்டாள். டிசம்பர்க் குளிர் ஏறிய இரும்பு... சுரீர்!

வெடுக்கென்று கையை இழுத்தாள்.

"இன்ஸ்பெக்டர்... என் விரல் மரத்துப்போகலை. நெருப்புதான் மரத்துப்போயிருக்கு."

ரெவோல் குவளையைக் கவிழ்த்தார். பிளாஸ்டிக் மெழுகுவர்த்தி! அடியில் பேட்டரி. பக்கத்தில் குட்டியாக ஒரு டைமர்... ஆறு முப்பது.

"அவதான் சார் இதை வெச்சா... காத்தடிக்குதேன்னு..."

"அப்படியா? உங்க கோட் பாக்கெட் ஏன் இவ்வளவு புடைச்சிருக்கு?"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வந்து அதற்குள் கையை விட்டு எடுத்தார். நிஜ மெழுகுவர்த்திகள். பாதி எரிந்து, திரி கருகி, தயாராக... பன்னிரண்டு!

"நாலு மணிக்கு முன்னாடியே கொன்னுட்டு, இதை வெச்சுட்டுப் போயிட்டீங்க. முதல் ஆளா வந்து நிஜ மெழுகுவர்த்தியா மாத்திடலாம்னு கணக்கு. ஊர்க்கூட்டம் விடலை."

திபோவின் கண்கள் கதவைத் தேடின.

கிஸ்லேனுக்கு இப்போதும் அழுகை வரவில்லை. விரல் மட்டும் விண்விண்ணென்று வலித்தது. அது போதும் என்றிருந்தது.

ரெவோல் மினுக்கும் குவளையை திபோவின் வாயருகே நீட்டினார்.

"அணைக்கணும்னீங்களே சார்... எங்கே, ஊதுங்க பார்க்கலாம்!"