முளைப்பாரி வீட்டில் எடுத்த கறுப்புப் படம்

மாரீஸ்வரனின் பைக் மாமனார் ஊருக்குள் நுழைந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. பின்னால் செவ்வந்தி. பச்சைப் பட்டு, தலை நிறைய கனகாம்பரம், மடியில் கேமரா பை. அபிராமம் தாண்டியதிலிருந்து அவள் வாய் மூடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த ஊரில் முதல்முறையாக முளைப்பாரி எடுக்கப்போகிற சந்தோஷம். படமெடுக்கிற வேலையையும் ஊரார் மாப்பிள்ளையிடமே கொடுத்துவிட்டார்கள்.

கமுதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மாரீஸ்வரன் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. மெமரி கார்டு மக்கர் பண்ணுமோ என்றுதான் பயப்படுவான். அவன் கேமரா பழசு. வெளிச்சம் குறைந்தால் போதும், படமெல்லாம் மணலைத் தூவினாற்போல் புள்ளி விழும். தொழிலில் அதற்கு நாய்ஸ் என்று பேர். அவன் அதற்கொரு வைத்தியம் வைத்திருந்தான். விசேஷம் தொடங்குமுன் லென்ஸை மூடி போட்டு அடைத்து, வெறும் இருட்டை ஒரு படம் எடுத்துக்கொள்வான். அந்தக் கறுப்புப் படத்தைக் கம்ப்யூட்டரிடம் காட்டி, இதில் இருப்பதெல்லாம் அழுக்கு, எந்தப் படத்தில் கண்டாலும் துடைத்துவிடு என்று பழக்குவான். அதுதான் நாய்ஸ் புரொஃபைல். அப்புறம் மொத்தப் படங்களையும் ஒரே பேட்ச்சாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

அன்றைக்குப் பார்த்து லென்ஸ் மூடியைக் காணோம். வழியில் எங்கோ விழுந்து தொலைந்திருக்கிறது. கையால் பொத்திப் பார்த்தான். விரலிடுக்கில் வெளிச்சம் கசிந்தது.

நல்ல இருட்டு வேண்டுமென்றால் அந்த ஊரில் ஒரே இடம்தான், முளைப்பாரி வீடு. ஜன்னலையெல்லாம் சாக்கால் அடைத்து, வெளிச்சம் படாமல் பயிர் வளர்க்கிற வீடு. கதவை ஒரு சாண் திறந்து, இடுக்கை உடம்பால் அடைத்துக்கொண்டு கேமராவை உள்ளே நீட்டினான். ஈரச் சாணமும் முளைவிட்ட பயறும் கலந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

"மச்சான்! அந்த மூலப்பக்கம் நீட்டாதீக!" செவ்வந்தியின் தங்கை சுகந்தி ஓடிவந்தாள். "அங்கன இருக்குறது ராக்கு அயித்த பாரி."

ராக்கு அவர்கள் அப்பாவின் தங்கை. விதை போட்டு விரதம் இருந்தவள், பாரி தூக்கும் நாளுக்கு முன்னாலேயே பாம்பு கடித்துப் போய்ச்சேர்ந்தாள். அதிலிருந்து வருஷாவருஷம் அவள் பேருக்கும் ஒரு பாரி போடுவார்கள். அதை யாரும் தலையில் தூக்குவதில்லை. எல்லாம் முடிந்தபின் துணியால் மூடிக் கொண்டுபோய் ஊருணியில் கரைப்பதோடு சரி.

"நான் லைட்டே போடலயே தாயி. இருட்டத்தான எடுக்குறேன்," என்று சிரித்தபடி பட்டனை அழுத்தினான்.

சுகந்தி சிரிக்கவில்லை. "அந்த இருட்டுதான் மச்சான் அவுகளுக்குன்னு விட்டது," என்றாள்.

அந்தி மயங்கும்போது ஊர்வலம் கிளம்பியது. கொட்டுச் சத்தமும் குலவையும் தெருவை நிறைத்தன. பெண்கள் வரிசையில் நடுவில் வந்த செவ்வந்தி ஓரிடத்தில் தயங்கி நின்றாள்.

"ஏங்க, யாரோ தோளப் புடிச்சாக."

கூட்டமென்றால் நாலு கை படத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த படத்துக்கு ஓடினான்.

இரவோடு இரவாகக் கமுதிக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் செவ்வந்தி ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், அலுப்பு என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஸ்டுடியோவில் உட்கார்ந்து அந்தக் கறுப்புப் படத்தில் புரொஃபைல் எடுத்தான். பேட்ச்சை ஓடவிட்டான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், படங்கள் கழுவிவிட்டாற்போல் பளிச்சென்று இருந்தன. அடடா என்று அவனே தன்னை மெச்சிக்கொண்டான். செவ்வந்தி வருகிற படத்தில் அவன் விரல் நின்றது.

அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. அத்தனை நெரிசலில் அங்கே மட்டும் யாரும் இல்லை. என்ன கூத்து இது என்று துடைக்காத படத்தைத் திறந்தான்.

அங்கே ஒருத்தி நின்றாள்.

முகம் என்று ஒன்றும் இல்லை. புள்ளிகள் ஒரு பெண் உயரத்துக்கு அடர்ந்து நின்றன, அவ்வளவுதான். அதிலிருந்து நீண்ட கை செவ்வந்தியின் தோளில் இருந்தது. பேட்ச் அதை அழுக்கென்று துடைத்திருந்தது. துடைத்த படத்திலும் செவ்வந்தியின் சேலை அந்தத் தோளில் கசங்கியே இருந்தது.

துடைத்த படங்களை அடுத்தடுத்துத் தள்ளினான். படத்துக்குப் படம் அந்தக் காலி இடம் அவளை நெருங்கிக்கொண்டே வந்தது. ஊருணிக்கரைப் படத்தில் காலி இடமே இல்லை.

செவ்வந்தியும் இல்லை.

அவள் தூக்கிய பாரி மட்டும் அந்தரத்தில் நின்றது.

சே, சாஃப்ட்வேர் கோளாறு என்று தன்னையே அதட்டிக்கொண்டான். போன மாதம் ஒரு காதுகுத்தில் எடுத்த கறுப்புப் படத்தைத் தேடி, அதை வைத்துத் துடைத்துப் பார்த்தான். செவ்வந்தி இருந்தாள். முளைப்பாரி வீட்டு இருட்டை வைத்துத் துடைத்தான். இல்லை. மாற்றி மாற்றிப் போட்டான்.

இருந்தாள்.

இல்லை.

"சாப்புட வாரீகளா?"

தூக்கிவாரிப்போட்டது. வீட்டுப்பக்கக் கதவில் செவ்வந்தி நின்றுகொண்டிருந்தாள். அதே முகம், அதே மூக்குத்தி.

"செத்த இரு. கேமரா சரியா இருக்கான்னு பாக்கணும். அந்த ஸ்டூல்ல உக்காரு," என்றான். அவள் உட்கார்ந்தாள். ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த இருட்டை வைத்துத் துடைத்தான்.

ஸ்டூல் மட்டும் இருந்தது.

ஐயோ சாமி! ஓவென்று கத்தி அழ வேண்டும் போலிருந்தது அவனுக்கு. நேற்று வாய் மூடாமல் பேசிக்கொண்டு வந்த பெண்டாட்டியை எங்கே விட்டுவிட்டு வந்தான்? யாரைப் பைக்கில் ஏற்றிக் கூட்டிவந்து, ராத்திரி பக்கத்தில் படுக்கவைத்தான்?

போன் அடித்தது. சுகந்தி. அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கர் பட்டனும் சேர்ந்து அழுந்திவிட்டது.

"மச்சான், அக்கா இங்கன எப்ப வந்தா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "பாரி வீட்டக் கூட்டித் தூத்துப் பூட்டுனோம். உள்ள இருந்து அக்கா கூப்புடுறா. தொறந்தா ஆளக் காணோம். பூட்டுனா திரும்பக் கூப்புடுறா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல மச்சான்!"

அவள் பேச்சுக்குப் பின்னால், தூரத்தில், கதவைத் தட்டுகிற சத்தம்.

"ஏங்க... ஒரே இருட்டு. ஒண்ணுமே தெரியல. வந்து கூட்டிட்டுப் போங்க."

அது செவ்வந்தியின் குரல்தான். அவனுக்குத் தெரியாதா?

"வாரேன் செவ்வந்தி! இந்தா வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே எழுந்தான்.

ஸ்டூலில் இருந்தவள் அவனுக்கு முன்னே எழுந்துவிட்டாள். அவசரமே இல்லாமல் வாசலுக்கு நடந்தாள். வெளியே கமுதி கடைவீதி நடுப்பகல் வெயிலில் இரைந்துகொண்டிருந்தது.

"கண்ணு கூசுது," என்று செவ்வந்தியின் குரலிலேயே சொல்லிவிட்டு, அவள் ஷட்டரைத் தரைவரை இழுத்து மூடினாள்.