வெள்ளைப் பக்கம்

மாப்பிள்ளை வீட்டார் செருப்பைக் கழற்றும்போதே வழக்காடியைக் கையில் எடுத்துவிட்டார்கள். செங்கோட்டுவேலு அதைத் தவறாக நினைக்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கப் போனபோது அவரும் அதையேதான் செய்தார். ஜாதகத்தை மறந்து போகிறவர்கள்கூட இப்போது வழக்காடியை மறப்பதில்லை.

உள்ளங்கை அகலக் கண்ணாடி அது. ஒருவர் முகத்துக்கு நேரே பிடித்தாலோ பெயரைச் சொன்னாலோ போதும். எந்தக் காவல் நிலையத்திலாவது எந்த நீதிமன்றத்திலாவது அவர் பேரில் எழுதப்பட்டதெல்லாம் அதில் வந்து நிற்கும். நாட்டின் வழக்குக் கட்டுகளையெல்லாம் கணினியில் ஏற்றி, எல்லோருக்கும் பொது என்று அரசு திறந்துவிட்டதன் பலன். எதுவும் இல்லாதவருக்கு வெறும் வெள்ளைப் பக்கம். செங்கோட்டுவேலுவின் குடும்பத்தில் எல்லோருக்கும் வெள்ளை. திருச்செங்கோட்டில் அதைச் சொல்லாத வாயில்லை.

ஆனால் இன்று அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். தட்டுகளில் இருந்த உப்பையும் சர்க்கரையையும் காரணமில்லாமல் நகர்த்தி வைத்தார். இரு வீட்டாரும் அவற்றை மாற்றிக்கொண்டால் மகள் கவின்மலரின் கல்யாணம் உறுதி. கதவோரம் உட்கார்ந்திருந்தான் தம்பி அர்த்தநாரி. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்கு வடக்கே போனவன், பல வருடம் கழித்து அண்ணன் மகளுக்காக வந்திருந்தான்.

அவன் வடக்கே போனதற்குக் காரணம் இருந்தது. உள்ளூரில் ஒரு ரிக் வண்டியின் கம்ப்ரசரைத் திருடியதாக இளவயதில் அவன்மேல் வழக்கு விழுந்தது. விசாரித்த நீதிபதி, திருட்டுக்கும் இவனுக்கும் தொடர்பே இல்லை என்று எழுதி விடுவித்தார். வழக்காடி வந்தபோதோ, 'திருட்டு' என்ற சொல்தான் முதலில் தெரிந்தது. தீர்ப்புவரை படிக்க யாருக்குப் பொறுமை? விடுதலையானவர்களின் வழக்கை அழிக்கலாம் என்று சட்டம் வந்ததும், தம்பியைக் கேட்காமலே, குடும்பத் தலைவர் என்ற முறையில் செங்கோட்டுவேலு மனுப் போட்டார். பக்கம் வெளுத்தது. அப்படியும் அவருக்கு மனம் அடங்கவில்லை. அந்தச் சொல் எப்படியாவது திரும்பி வந்துவிடுமோ என்று தினமும் காலையில் குளித்ததும் தம்பியின் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

மாப்பிள்ளையின் தாய் பிருந்தா வழக்காடியை அர்த்தநாரியின் பக்கம் திருப்பினாள். வெள்ளை. செங்கோட்டுவேலுவுக்கு மூச்சு வந்தது. அவள் விரலால் பக்கத்தைக் கீழே தள்ளினாள்.

யார் யாரைப் பார்த்தார்கள் என்பதும் இந்தத் தை முதல் பொதுவில் தெரிய வேண்டும் என்பது புதுச் சட்டம். அடுத்த வீட்டு அந்தரங்கத்தை எட்டிப் பார்க்கிறவன் பெயரும் வெளியே வரட்டும் என்று மேடையேறி முழங்கியவர்களில் செங்கோட்டுவேலுவும் ஒருவர். இந்தப் பார்வைத் தடத்தில் தன் பெயரும் வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் வீட்டைத் தான் பார்ப்பது எட்டிப் பார்ப்பதாகுமா?

பிருந்தா தள்ளிக்கொண்டே போனாள். தேதி தேதியாக, எறும்புச் சாரி போல ஒரே பெயர்: செங்கோட்டுவேலு.

"ஏனுங்க சம்பந்தி, இந்த வெள்ளைத்தாளுல அப்படி என்னத்தைங்க தெனமும் படிச்சீங்க?"

அர்த்தநாரி எழுந்துவிட்டான். "அண்ணா, நீங்களாங்க அது? 'உங்க பக்கத்தை ஒருத்தர் பாத்தாரு'ன்னு தெனமும் காலையில சேதி வருமுங்க. பேரு மட்டும் வராது. தெறந்து பாக்கவும் பயமுங்க. போலீசுன்னு நெனச்சு ஊரு ஊரா ஓடுனனே! ஒரு ஊர்ல நின்னு ஒருத்தியக் கட்டலீங்களே!"

 பழைய திருட்டு வழக்கு, விடுதலை, அண்ணன் அதை அழித்தது எல்லாவற்றையும் தம்பியே சொன்னான்.

மாப்பிள்ளையின் தகப்பனார் லோகநாதன் பொறுமையாகக் கேட்டார். "விடுதலைன்னா சந்தோசமுங்க. அந்தத் தீர்ப்பைக் காட்டிப்போடுங்க, இப்பவே உப்பு சர்க்கரை மாத்திக்கலாம்."

காட்ட என்ன இருக்கிறது? வெள்ளைப் பக்கம்.

"திருடுனவன் எவனும் திருடுனேன்னு சொல்லமாட்டானுங்க," என்றாள் பிருந்தா.

"என் தம்பியத் திருடன்னா நாக்கு..." என்று எழுந்தார் செங்கோட்டுவேலு.

"நாங்க எங்கீங்க சொன்னோம்?" லோகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். "கூடப்பொறந்த நீங்கதான் தெனமும் சந்தேகப்பட்டிருக்கறீங்க. தீர்ப்பு கெடைச்சாச் சொல்லியனுப்புங்க."

அவர்கள் போனபின் கவின்மலர் உள்ளறையிலிருந்து வந்தாள். "அப்பா, சித்தப்பா நல்லவருன்னு ஒரே ஒருத்தரு, அந்த நீதிபதி, எழுதி வெச்சிருந்தாரு. அதையும் அழிச்சுப்போட்டீங்களே!"

மறுநாள் அண்ணனும் தம்பியும் ஆவண மையத்தில் நின்றார்கள்.

"அழிச்சது அழிச்சதுதானுங்க ஐயா," என்றாள் அங்கிருந்த அலுவலர். "நீதிமன்றமே கேட்டாலும் வராது. அந்த உறுதிக்காகத்தான மனுப் போட்டீங்க?"

"பழைய காகிதக் கட்டு இருக்குமில்ல?"

"கணினியில ஏத்துனதும் கூழாக்கியாச்சுங்க."

"வேற வழியே இல்லையாம்மா?"

அவள் யோசித்தாள். "அதே திருட்டுக்கு யாராச்சும் மறுபடி புகார் குடுக்கோணும். வழக்கு நடந்து, விடுதலைன்னு தீர்ப்பு வந்தா அது பதிவாகும்."

"ஒரே குத்தத்துக்கு ரெண்டு தடவ விசாரிக்கக் கூடாதேம்மா!"

"முதல் தடவ விசாரிச்சதுக்குத்தான் பதிவே இல்லீங்களே, ஐயா."

வெளியே வெயில் ஏறியிருந்தது. ரிக் வண்டியின் சொந்தக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பிக்காகச் சாட்சி சொன்ன டிரைவரும் உயிரோடு இல்லை. இந்தமுறை விடுதலைதான் வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

"நீங்களே புகார் குடுத்துப்போடுங்கண்ணா," என்றான் அர்த்தநாரி.

"உனக்குப் பைத்தியமா? உள்ள போட்டுட்டா?"

"போட்டா ஒரு எடத்துல இருப்பேனுங்க. இத்தன வருசம் ஓடுனதுக்கு அது தேவலை. நம்ம புள்ள கல்யாணமும் நிக்குது. என்னைய விடாமப் பாத்தது நீங்கதான? நீங்க சொன்னா நம்புவாங்க."

காவல் நிலையத்துக்குள் செங்கோட்டுவேலு காலெடுத்து வைத்தது அதுவே முதல் தடவை. அங்கே மனிதர் யாரும் எழுதுவதில்லை. சுவரில் பதித்த பதிவுப்பொறி கேட்டது:

"புகார் தருபவர் பெயர்?"

சொன்னார்.

"தகப்பனார் பெயர்?"

வாழ்நாளெல்லாம் சொன்ன கம்பீரத்தோடு சொன்னார்.

"குற்றம் சாட்டப்படுபவர் பெயர்?"

"அர்த்தநாரி."

"தகப்பனார் பெயர்?"

பொறி காத்திருந்தது. செங்கோட்டுவேலு பொறியின் பக்கமாகக் குனிந்தார். பிறகு அதே பெயரை, பக்கத்தில் நின்ற தம்பிக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

"கேட்கவில்லை," என்றது பொறி. "உரக்கச் சொல்லுங்கள்."