இடப்பக்கம் சாயும் கம்பி

ஐம்பது கிலோ அரிசி மூட்டையைச் சுண்டுவிரலால் தள்ளிக்கொண்டு வந்து சமையலறை மூலையில் நிறுத்திவிட்டு, சம்யுக்தா எடை தூக்கக் கிளம்பினாள்.

மூட்டையைச் சுற்றிப் பளுநீக்கிப் பட்டை ஒன்று கட்டியிருந்தது. பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினால் பொருள் அப்படியே இருக்கும், எடை மட்டும் போய்விடும். பட்டை வந்த புதிதில் ஈரோடு முழுக்கப் பீரோவையும் கட்டிலையும் மிதக்கவிட்டு விளையாடியது. இருபது வருடத்தில் அந்த ஆசையெல்லாம் தீர்ந்து, பட்டை என்பது வாசலில் கிடக்கும் செருப்பு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர்க் குடம், துணி வாளி, காய்கறிப் பை, கைக்குழந்தை, எதையும் யாரும் தூக்குவதில்லை. அதன் பலனாக ஊர்க்காரர்களின் எலும்பு அப்பளம்போல நொறுங்க ஆரம்பித்தது. பெண்களுக்கு முதலில். கோலம் போடக் குனிந்தவளுக்கு முதுகெலும்பு விரிசல் விட்டது, பலமாகத் தும்மியவளுக்கு விலா எலும்பு முறிந்தது. சுமை இல்லையென்றால் எலும்பு எதற்கு என்று உடம்பே முடிவு கட்டிவிடுகிறதாம். மருத்துவர்கள் கூடிப் பேசி, பெண்கள் எல்லாரும் எடை தூக்க வேண்டும் என்றார்கள். வார்டுக்கு ஒரு பளுக்கூடம் திறந்தது.

வீட்டில் ஒரு சொம்பைக்கூடத் தூக்காத பெண்கள் மாலையானால் கூட்டம் கூட்டமாகப் போய் இரும்புக் கம்பியைத் தூக்கினார்கள். இதிலுள்ள வேடிக்கை சம்யுக்தாவுக்குப் புரியாமல் இல்லை. சிரிக்கத்தான் தெம்பில்லை.

கிளம்புவதற்கு முன் அவள் பிரணவின் இடுப்பில் நோயாளிப் பட்டையைக் கட்டினாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் கணவனுக்கு வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரு 'ம்' மிச்சம், ஓயாத இருமல் மிச்சம். அவள் வெளியே போகும்போதெல்லாம் பட்டை கட்டிவிட்டுப் போவாள். உடம்பு மெத்தையை அழுத்தாமல் கிடந்தால் படுக்கைப் புண் வராது.

"போயிட்டு வந்தர்றனுங்க. ஒரு மணி நேரந்தான்."

"ம்" என்றான் பிரணவ். கண் பட்டையின் பொத்தானையே பார்த்தது. அந்தப் பயம் போன ஆடியில் வந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற அவனைக் காற்றில் ஏந்தி நின்றபோது பட்டை திடீரென்று நின்றுவிட்டது. எழுபது கிலோவும் அவள் கையில் இறங்கியது. இருவரும் தரையில் கிடந்தார்கள். அவள் மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டிருந்தது. பக்கத்து வீட்டார் சத்தம் கேட்டு வரும்வரை, என் புருஷனை என்னால் தூக்க முடியவில்லையே என்று அவள் வாய்விட்டு அழுதாள்.

அதன்பிறகு நலத்துறை அதிகாரி ஒருவர் வந்தார். "பட்டையை மட்டும் நம்பி நோயாளிய வீட்ல வெச்சுக்கக் கூடாதும்மா. நீங்க தனியாத் தூக்கிக் காட்டணும். தை மாசம் வந்து பாப்பேன். முடியலைன்னா எங்க இல்லத்துல சேர்த்துருங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் விதி என்று ஒன்று இருந்தது.

அந்த இல்லத்தை அவள் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தாள். இடம் போதாததால் நோயாளிகளுக்குப் பட்டை கட்டி, கயிற்றில் பிணைத்து, ஒரே கட்டிலுக்கு மேல் மூன்று அடுக்காக மிதக்க விட்டிருந்தார்கள். நடு அடுக்கில் இருந்த ஒருவர் மேலே இருந்தவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகை அவளால் மறக்க முடியவில்லை.

ஆகவேதான் அவள் தூக்கினாள். மற்றவர்கள் எலும்புக்காகத் தூக்கினார்கள், அவள் பிரணவுக்காகத் தூக்கினாள்.

பளுக்கூடத்தில் கம்பியின் இரண்டு முனையிலும் மெல்லிய கறுப்புத் தட்டுகள் இருந்தன. தட்டு மாற்றுகிற வேலை கிடையாது. பயிற்சியாளர் மகிழினி சுவரில் ஓர் எண்ணைத் தட்டினால் அந்த எடை வந்து தட்டில் உட்காரும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதுபோலத்தான்.

"இடுப்பை ஒடிக்காதீங்கக்கா!" என்று மகிழினி கத்தினாள். இருபத்தாறு வயது, நல்ல தேகம், பொறுமை குறைவு. "எத்தன தடவ சொல்றது? ஒடம்பு நேரா இருக்கோணும். இடுப்பை வெளிய தள்ளுனா முதுகு போயிரும்."

கூடத்தில் ஐம்பது வயது தாண்டிய எல்லாரிடமும் இந்தக் கோளாறு இருந்தது. பட்டை வருவதற்கு முன் பிள்ளை பெற்றவர்கள். கையில் கனம் ஏறினால் இடுப்பு தானாக ஒரு பக்கம் வெளியே போய், பிள்ளை உட்காரத் திண்டு போட்டுக் கொடுத்துவிடும். பட்டைக் காலத்தில் பெற்ற சின்னப் பெண்களிடம் அது கிடையாது. அவர்கள் கம்பம்போல நேராக நின்று தூக்கினார்கள்.

"எம் புள்ளைக்கு இப்ப முப்பது வயசு. இந்த இடுப்புக்கு யாராச்சும் சொல்லுங்கப்பா" என்றாள் பக்கத்து மேடையில் இருந்த நிவேதிகா. அவள் தூக்கியதைவிடப் பேசியது அதிகம்.

சம்யுக்தா ஐம்பதைத் தூக்கினாள், அறுபதைத் தூக்கினாள். எழுபது மட்டும் நடக்கவில்லை. பலம் போதாமல் இல்லை. எழுபதுக்கு மாற்றினதும் கம்பி இடப்பக்கம் சாய்ந்தது. முழங்காலுக்கு மேல் வந்ததும் இடது முனை குடம் தளும்புவதுபோலத் தளும்பி அவளை இழுத்துக்கொண்டு போய்விடும். தொப்பென்று கீழே போட்டுவிடுவாள். மகிழினி இரண்டு தட்டையும் சோதித்துப் பார்த்தாள். தட்டில் ஒரு குறையும் இல்லை.

"உங்க இடதுகை வலுவில்லக்கா. அவ்வளவுதான்."

செரி என்று மறுநாள் இடது கைக்குத் தனிப் பயிற்சி. அப்படியும் சாய்ந்தது. ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. இனி நடக்காது என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. வீட்டுக்குப் போனால் பிரணவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அன்று மழை பிடித்துக்கொண்டிருந்தது. எழுபதைத் தொடை வரைக்கும் கொண்டுவந்து, இடப்பக்கம் போகிறதே என்று பல்லைக் கடித்து நின்றபோது, கம்பி குலுங்கியது. மூன்று சிறு குலுக்கல், ஒரு நிறுத்தம், பிறகு நீளமாக ஒன்று.

அவள் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தாள். இந்தக் குலுக்கலை அவள் கைக்குத் தெரியும். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், நோயாளிப் பட்டை கொடுப்பதற்கு முன்னால், நர்சு பின்னாலிருந்து தாங்க, எதிரே நின்று அவனை அணைத்துத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோனது அவள்தான். அவனுக்கு விழுந்தது வலப்பக்கம். எதிரே நின்று தூக்குகிறவளுக்கு அது இடப்பக்கம். தூக்கும்போதெல்லாம் இருமுவான், மூன்று சிறுசு, ஒரு பெரிசு.

சம்யுக்தா போனை எடுத்து வீட்டுக் கட்டிலருகே இருந்த போனை அழைத்தாள். யாரும் தொடாமலே அது அழைப்பை எடுத்துக்கொள்ளும்.

"ஏனுங்க, நாந்தான். ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. ஒருக்கா இருமுங்க."

"ம்?"

"இருமுங்கங்கறேன்."

அவள் கம்பியைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பிடித்தாள். போனில் இருமல் கேட்டது. கம்பி குலுங்கியது.

நிவேதிகா தன் கம்பியை விட்டுவிட்டு வந்து நின்றாள். மகிழினியும் வந்தாள்.

"மகிழினி, இது எங்கூட்டுக்காரரு" என்றாள் சம்யுக்தா.

மகிழினி தலையைச் சொறிந்தாள். "உங்களுக்கு நெசமாவே தெரியாதுங்களாக்கா? பளு தானா எங்கயும் தொலையாது, எடந்தான் மாறும். மொதல்ல ஊருக்கு வெளிய பாறைக் குழியில கொட்டுனாங்க. பாறை வெடிச்சிருச்சு. அப்பறம் பாத்தா, யாராச்சும் தூக்கித் தூக்கி எறக்குனா கொஞ்சங்கொஞ்சமாக் கரையுது. மிசினை வெச்சுத் தூக்குனாக் கரண்டு ஆகும்..."

"அதனால எங்கள வெச்சுட்டாங்க."

"எலும்புக்கும் நல்லதுதானுங்கக்கா. டாக்டர் சொன்னதொண்ணும் பொய்யில்ல. நீங்க எழுபது கேட்டா, பக்கத்துல தோதா எது கிடைக்குதோ அது வரும். எங்களுக்குப் பயிற்சியிலயே சொல்லிக் குடுத்தாங்க. ஆரும் கேக்கல, நான் சொல்லல."

"அப்ப நான் இத்தன நாளா ஆரு வூட்டு பீரோவைத் தூக்கிட்டிருந்தேன்?" என்றாள் நிவேதிகா. யாராவது கோபப்படுவார்கள் என்று மகிழினி எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் அங்கிருந்த பெண்கள் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். கோபப்படவும் ஓர் ஓய்வு வேண்டும். ஒருத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள், இன்னொருத்தி, பளு கரையாவிட்டால் பட்டை நின்றுவிடுமே என்று கவலைப்பட்டாள்.

சம்யுக்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டை கட்டிக் கழற்றிய பளுவையெல்லாம் இங்கே வந்து நாமேதான் சுமந்திருக்கிறோம் என்பதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "மூணு மாசமா இவரையேதான தொப்புத் தொப்புன்னு கீழ போட்டிருக்கேன்" என்று சொல்லி அழுதாள்.

"கீழ போட்டா அங்க ஒண்ணும் ஆகாதுக்கா. பளு அங்கிருந்து இங்க வரும், இங்கிருந்து அங்க போகாது" என்றாள் மகிழினி.

"தெரியுது கண்ணு" என்றாள் சம்யுக்தா, அழுகையை நிறுத்தாமல்.

மறுநாள் அவள் மகிழினியின் பேச்சைக் கேட்கவில்லை. கம்பி என்று நினைக்காமல் ஆள் என்று நினைத்தாள். இடது காலை முன்னே வைத்தாள், இடுப்பைத் தாராளமாக இடப்பக்கம் தள்ளினாள், சாய்கிற கனத்தைத் தடுக்காமல் தன்மேல் சாய விட்டாள். கம்பி மார்பு வரைக்கும் வந்தது. மகிழினி கத்துவதற்காக வாயைத் திறந்து அப்படியே மூடிக்கொண்டாள்.

தை மாதம் அதிகாரி வீட்டுக்கு வந்தார். சம்யுக்தா பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். மெத்தை மெல்ல அமுங்கியது. பிரணவ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவள் குனிந்து அணைத்து, இடுப்பை ஒடித்து, ஒரே மூச்சில் எழுப்பினாள். அவன் இருமினான், அவள் காத்திருந்தாள். பிறகு திரும்பி நாற்காலியில் உட்கார வைத்தாள். அவன் கண்ணைத் திறந்து பார்த்தபோது அந்தப் பழைய பயம் அதில் இல்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"இடுப்பு நேரா இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

"அவரும் நேரா இல்லீங்களே."

அவர் சிரித்துவிட்டுத் தேர்ச்சி என்றார். பிறகு மேசைமேல் இருந்த பட்டையை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "தூக்க முடிஞ்சவங்களுக்கு நோயாளிப் பட்டை கிடையாது. மூட்டைக்குக் கட்டுறதை நோயாளிக்குக் கட்டவும் கூடாது. விதி. அப்புறம், பலம் குறையக் கூடாது. வாரத்துல மூணு நாள் பளுக்கூடத்துக்குப் போயே ஆகணும். போகலைன்னா மறுபடி நான் வர வேண்டியிருக்கும்."

அன்றிலிருந்து விடிந்தால் கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, அங்கிருந்து மறுபடி கட்டில். புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது வேறு. எல்லாமே எழுபது கிலோ. அதை முடித்துவிட்டு, தலையணையை அண்டக் கொடுத்து அவனைப் படுக்க வைத்துவிட்டு, பளுக்கூடத்துக்கும் ஓட வேண்டும். தன் புருஷனைத் தானே தூக்குகிற உரிமைக்காக, அவள் ஊரார் பளுவைத் தூக்கியாக வேண்டும்.

"வந்துட்டீங்களாக்கா. ஒடம்பு சொகமில்லாத மாதிரி இருக்கீங்க. இன்னைக்கு லேசா வெக்கறேன்" என்று மகிழினி சுவரில் ஒரு சிறிய எண்ணைத் தட்டினாள்.

சம்யுக்தா கம்பியைத் தூக்கினாள். இடப்பக்கம் சாயவில்லை, வலப்பக்கமும் சாயவில்லை. ஒன்றுமே இல்லாததுபோல லேசாக இருந்தது. மார்புக்கு வந்தபோது கம்பி உதைத்தது.

ஒரு சிறு உதை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு கம்பி முழுவதும் நெளிந்து, துள்ளி, மறுபடி உதைத்தது. சம்யுக்தாவின் இடுப்பு யார் சொல்லாமலும் வெளியே போனது.

யார் வீட்டுப் பிள்ளையோ. அடுத்த வார்டிலோ அதற்கடுத்த வார்டிலோ ஒரு சின்னப் பெண், பிள்ளைக்குப் பட்டை கட்டித் தொட்டிலில் மிதக்கவிட்டுவிட்டு, எலும்பு வலுக்கப் பளுக்கூடத்துக்குப் போயிருப்பாள். இந்நேரம் அங்கே நேராக நின்று யாருடைய மூட்டையையோ தூக்கிக்கொண்டிருப்பாள். தன் பிள்ளையின் கனம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது.

நெளிவு அடங்கிக்கொண்டே வந்தது. உதை நின்றது. எடை அப்படியே இருந்தும் கம்பி கொஞ்சம் கூடுதலாகக் கனத்தது, தூங்கிப்போன பிள்ளை கனப்பதுபோல.

"போதுங்கக்கா. போடுங்க" என்றாள் மகிழினி. சுற்றிலும் மற்றவர்கள் தங்கள் கம்பிகளைத் தொப்புத் தொப்பென்று போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இரு கண்ணு. இப்பத்தான் தூங்குது."

"அங்க ஒண்ணும் ஆகாதுக்கா."

"தெரியுது" என்றாள் சம்யுக்தா. காலையிலிருந்து தூக்கித் தூக்கி அவள் தோள் இரண்டும் விட்டுப்போயிருந்தது. வீட்டில் பிரணவைப் புரட்டிப் போட நேரமாகிவிட்டது. ஆனாலும் அவள் கம்பியைக் கீழே வைக்காமல், மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றாள்.