வாத்துகள் கரையேற வேண்டும்

பண்பொழிக்கு மேற்கே மலை எரிந்துகொண்டிருந்தது. குளக்கரையில் நின்ற அனுசியா அந்தப் புகையையே பார்த்தாள். தீயணைக்கப் போன ஐந்து பேரில் அவள் அண்ணன் இசக்கிதுரையும் ஒருவன். மூன்று பக்கமும் தீ சூழ்ந்துவிட்டதாம்.

"இன்னும் அரைமணி நேரம் தாங்குவானுவளா தெரியல," என்றார் வனக்காவலர் வேல்ராஜ். கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

அப்போது மஞ்சள் விமானம் ஒன்று தாழ்ந்து வந்தது. பறந்தபடியே குளத்துத் தண்ணீரை வயிற்றில் மொண்டுபோய்த் தீயில் கொட்டுகிற விமானம். தண்ணீரைத் தொடப்போன அது, விருட்டென்று மேலே எழும்பிவிட்டது.

"ஏன் சார் போயிட்டு?"

"நடுவுல வாத்து நிக்குல்லா! பறவை மோதுனா விமானமே விழுந்துரும். யாரு வாத்து அது?"

அனுசியா முன்னால் வந்தாள். "எங்க வாத்துதான் சார். அப்பா ஆய்க்குடிக்குப் போயிருக்காவ."

விமானம் பார்க்க வந்த கூட்டம் சும்மா இருக்குமா? விசிலடித்தது, கல்லெறிந்தது. இருநூறு வாத்துகளும் மிரண்டு இன்னும் நடுவே போய் ஒண்டிக்கொண்டன.

"எறியாதீங்க அண்ணாச்சி! சத்தம் போட்டா கரைக்கு வராது!"

"ஏட்டி, வாத்துக்கு நீதான் டீச்சரா?" என்று ஒருவர் சிரித்தார்.

"மலையில எங்க அண்ணன் நிக்கான்!"

சிரிப்பு அடங்கியது. துணி துவைத்துக்கொண்டிருந்த சுல்தான் பீவி எழுந்தார். "புள்ள சொல்லுதால்லா? வாய மூடிட்டு எல்லாரும் உக்காருங்க!"

கூட்டம் உட்கார்ந்தது. அனுசியா தினமும் தீனி போடும் நெல் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு கரையோர வயலுக்குள் நடந்தாள். தலைவாத்து திரும்பிப் பார்த்தது. பிறகு நிதானமாக, ஊர்வலம் போல, எல்லாம் பின்னால் வந்தன. ஒன்று மட்டும் நடுவழியில் நின்று இறகைக் கோதியது.

"ஏ மூதி, வா!" அனுசியா மறுபடி டப்பாவைக் குலுக்கினாள். மெல்ல அதுவும் கரையேறியது.

விமானம் திரும்ப வந்தது. தண்ணீரைக் கிழித்தது, மொண்டது, பறந்தது.

திரும்பத் திரும்ப வந்தது. ஒரு வாத்தும் குளத்துக்குப் போய்விடாதபடி வரப்பிலிருந்த தீவன மூட்டைகளை அவிழ்த்து அனுசியா நெல்லை இறைத்துக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் கழித்து, வரப்புக்கு ஓடிவந்த வேல்ராஜின் வாக்கிடாக்கி பேசியது. "ஓடைக்கு எறங்கிட்டோம். குத்தாலிங்கத்துக்குக் கால் வெந்துட்டு. தூக்கிட்டு வாரோம்."

அண்ணன் குரல்! அனுசியா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாயும்போது இசக்கிதுரை வந்தான். உடம்பெல்லாம் கரி. புருவம் பொசுங்கியிருந்தது. உடன் போன குத்தாலிங்கத்தை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு, காலிச் சாக்குகளைப் பார்த்தான்.

"எட்டி, ஒரு வாரத்து நெல்லையும் போட்டுட்டியா?"

"பூராத்தையும் போட்டுட்டேன்," என்று அவன் கரிக்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள் அனுசியா.