இரண்டு கிலோ முந்நூறு

நான் பயந்த சுபாவம் உள்ளவள் அல்ல. பதினோரு வருடமாக அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி, உப்பு எவ்வளவு போடுவீர்கள், கக்கூஸ் எங்கே போவீர்கள், வீட்டில் யார் குடிப்பார்கள் என்று கேட்டுப் பிழைக்கிறவள். நாய் துரத்தியிருக்கிறது. ஒரு குடிகாரர் செம்பைத் தூக்கி எறிந்திருக்கிறார். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் அதற்கு என்ன வயது, எதுவரை படித்திருக்கிறது என்று கேட்டுச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.

என் பெயர் கலைச்செல்வி. வீடு மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை அதே வீடுகளுக்குத் திரும்பப் போகிற சுகாதாரக் கணக்கெடுப்பு எங்களுடையது.

அன்று பகல் இரண்டு மணி. தாராவியில் தோல் பை தைக்கிற கல்லி ஒன்று, ஆள் ஒதுங்க இடமில்லாத சந்து. கீழே பட்டறை, மேலே வீடு. ஒரு தோளில் டேப்லெட், மறு தோளில் எடை மிஷின் பையுடன் இரும்பு ஏணியைப் பிடித்து ஏறினேன். கீழே பசை வாடை மூக்கை அடைத்தது. பாதி ஏணியில் அது நின்றுபோய் வேறு வாடை வந்தது. வசம்பும் திரிந்த பாலும் கலந்த, பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டு வாடை.

டேப்லெட்டைப் பார்த்தேன். அந்த வீட்டில் கைக்குழந்தை இருப்பதாகத் தகவல் இல்லை.

கதவைத் திறந்தவள் சாயிரா. கடையநல்லூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முப்பது வயதுதான் இருக்கும், கண்ணைச் சுற்றி மட்டும் கறுத்திருந்தது.

"அக்கா! நீங்களேதானா? நீங்கதான் திரும்ப வரணும்னு துஆ கேட்டுக்கிட்டு இருந்தேன்."

சர்வேக்காரிக்காக யாரும் துஆ கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜன்னல் இல்லாத அறை. பகலிலும் டியூப்லைட். கீழே தையல் மிஷின் ஓடும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. நான் வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தேன்.

"நேத்து ராத்திரி இந்த வீட்ல யார் யார் தூங்கினீங்க?"

"நான், சைஃபு, அவன் வாப்பா." கொஞ்சம் நிறுத்தினாள். "அவளத்தான் நீங்க போன தடவையே எழுதிட்டீங்களே."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

எங்கள் கேள்வித்தாளில் ஒரு கேள்வி உண்டு. உயிரோடு பிறந்து, ஒரு முறையாவது அழுது, பிறகு இறந்துபோன குழந்தை உண்டா? 'ஆம்' என்று அழுத்தினால் உள்ளே இன்னும் முப்பது கேள்விகள் திறக்கும். 'இல்லை' என்றால் அடுத்த பக்கம். சாயங்காலம் வீடுகள் பாக்கி இருக்கும்போது எங்களில் பலரும் எந்தப் பொத்தானை அழுத்துவோம் என்பது ஊரறிந்த ரகசியம்.

மூன்று வருடம் முன்பு சாயிரா அந்தக் கேள்விக்கு அழுதுகொண்டே பதில் சொன்னாள். பிரசவத்தில் பெண் குழந்தை. இரண்டு கிலோ முந்நூறு என்று நர்ஸ் சொன்னது காதில் விழுந்தது. ஒரே ஒரு அழுகை கேட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் 'இறந்தே பிறந்தது' என்று எழுதிவிட்டார்கள். அழுத பிள்ளை என்றால் பேர் வைத்து, தொழுகை வைத்து அடக்குவோம் என்றாள். காகிதத்தைப் பார்த்துவிட்டு, பேரும் இல்லாமல் தொழுகையும் இல்லாமல் துணியில் சுற்றி அடக்கிவிட்டார்கள். அவள் கேட்ட அழுகையை அவள் புருஷன் சலாவுதீன்கூட நம்பவில்லை.

"அழுதாளான்னு எங்கிட்ட மொதமொத கேட்டது நீங்கதான்க்கா. எழுதிக்கிடுங்க. அழுதா. அரசாங்கத்துல அவ பேரு இருந்தாப் போதும்."

நான் தலையாட்டினேன். இன்னும் நான்கு வீடு பாக்கி இருந்தது. 'இல்லை' என்று அழுத்தினேன்.

இப்போது டேப்லெட்டில் பழைய பதில் தெரிந்தது. பிறந்து இறந்த குழந்தைகள்: 0. திரையை மடியில் கவிழ்த்துக்கொண்டேன்.

"முதல்ல எடை பாத்துருவோம் சாயிரா."

சைஃபுக்கு இரண்டு வயது, மிஷினில் ஒரு இடத்தில் நிற்க மாட்டான். அதற்கு ஒரு வழி உண்டு. அம்மாவை ஏற்றி, பொத்தானை அழுத்தினால் அவள் எடை மறைந்து திரை பூஜ்யமாகிவிடும். பிறகு பிள்ளையைக் கையில் கொடுத்தால் பிள்ளையின் எடை மட்டும் காட்டும். சாயிராவை ஏற்றினேன். அழுத்தினேன். 0.0.

"அப்படியே நில்லுங்க. சைஃபைக் கூப்பிடுங்க."

"சைஃபு! மேல வாடா!" கீழே அப்பாவோடு இருந்தவனை அழைத்தாள். தையல் மிஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

அவள் கைகள் வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

திரையில் எண் மாறியது.

2.3.

கீழே தையல் மிஷின் நின்றது. அந்த நிசப்தத்தில் அதைக் கேட்டேன்.

ஒரே ஒரு அழுகை.

பிறந்த பிள்ளையின் அழுகை. அறைக்கு வெளியே இல்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு முழ இடத்தில்.

சாயிராவின் முகத்தில் பயமே இல்லை. "ஒங்களுக்குக் கேட்டுச்சா?" என்று மெல்லக் கேட்டாள்.

தலையை மட்டும் அசைத்தேன்.

"தெனமும் அழுவாக்கா. பரீஹான்னு நானே பேரு வச்சிருக்கேன். ஒன்ன எழுதியாச்சு கண்ணு, இனி போம்மான்னு சொல்லிப் பாக்கேன். நம்ப மாட்டேங்கா. எங்க எழுதியிருக்குன்னு ஒரு தடவ அவளுக்குக் காட்டுங்களேன்."

அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அவளால் படிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும். பாவி, நான் என்ன செய்தேன்? டேப்லெட்டைத் திருப்பி, அந்தப் பூஜ்யத்தைக் கட்டை விரலால் மறைத்து, பக்கத்து வரியைக் காட்டினேன்.

"இந்தா இருக்கு பாருங்க. உயிரோட பிறந்தா. அழுதா."

சாயிரா குனிந்து வெறும் காற்றிடம் சொன்னாள். "கேட்டியா? அக்கா கையில பத்திரமா இருக்கே. இனி போம்மா."

திரை மீண்டும் 0.0 ஆனது.

சைஃப் வந்தான். பதினொன்று புள்ளி நான்கு. எல்லாம் சரியாக இருந்தது. மீதிக் கேள்விகளை எப்படிக் கேட்டேன் என்று தெரியாது. ஏணியில் இறங்கும்போது மூக்கில் பசை வாடை வரவில்லை. வசம்பு வாடை என்னோடே இறங்கி வந்தது.

தினமும் காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்புமுன் மிஷின் பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். மறுநாள் தரையில் வைத்துப் போட்டேன். மேலே ஒரு தூசுகூட இல்லை. 2.3.

மேலாளர் பிரம்மநாயகத்திடம் கொடுத்து வேறு மிஷின் வாங்கினேன். அதுவும் 2.3. அவரிடம் பாதி உண்மையைச் சொல்லிக் கெஞ்சினேன்.

"பழைய ரவுண்டு கணக்கு லாக் ஆயிருச்சும்மா, மாத்த முடியாது" என்றார். "புதுசுல கடைசி மூணு வருஷப் பிரசவம்தான் கேக்கும். அந்தப் புள்ளைய எழுத இனிமே எடமே இல்ல."

ஐந்தாம் நாள் காலை சாயிரா போன் செய்தாள்.

"அக்கா, நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து வீட்ல சத்தமே இல்ல. ஒரு தடவகூட அழல. அல்லாகிட்ட போயிட்டாக்கா." விசும்பினாள். "எழுதியிருக்குன்னு காதால கேட்டுட்டாள்ல. சைஃபோட வாப்பாவும் நேத்து அவள அடக்குன கபர்ஸ்தானுக்குப் போய், அவ பேரச் சொல்லி துஆ செஞ்சுட்டு வந்தாரு. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. ஆனா அவ நல்லாருந்தா எனக்கு அது போதும். நீங்க நூறு வருஷம் நல்லாருக்கணும்."

போனைக் காதில் வைத்தபடி எதிரே தரையில் கிடந்த மிஷினைப் பார்த்தேன்.

2.3.

"நல்லா இருப்பா சாயிரா" என்றேன். எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை. அவள் பிள்ளை அல்லாவிடம் போகவில்லை. எழுதிவிட்டதாகச் சொன்னவளை நம்பி என் பின்னால் வந்துவிட்டது. இதை அந்தத் தாயிடம் இனி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

எங்கும் எழுத இடமில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். சாயிரா, சலாவுதீன் தம்பதியின் மூத்த மகள். பெயர் பரீஹா. எடை இரண்டு கிலோ முந்நூறு. உயிரோடு பிறந்தாள். அழுதாள். அவள் அம்மா கேட்டாள். நானும் கேட்டேன்.

எழுதி முடித்துவிட்டு மிஷினில் ஏறி நின்றேன். பொத்தானை அழுத்தினேன். என் எடை மறைந்து பூஜ்யம் வந்தது. வெறுங்கையோடு காத்திருந்தேன்.

2.3.

என்னை அறியாமல் இடது கையை மடித்து ஏந்தினேன். தோள் பக்கம் சேலை மெல்ல நனைந்தது.