கறைபடாத மூன்றாம் பக்கம்

காலை 10.40. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, நீதிமன்றத்துக்குள்ளேயே அவளுடைய வழக்கு திருடு போனது.

ஆலையில் அமிலக் குழாய் வெடித்து அவளுடைய இடது கண் போயிருந்தது. குழாய் பழுது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தும் மாற்றாத நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரு நகலை நீட்டினார்.

"வேலைக்குச் சேர்ந்தப்ப போட்ட ஒப்பந்தம். மூணாம் பக்கம் பாருங்க. எந்தத் தகராறா இருந்தாலும் கோர்ட்டுக்கு வராம, நிர்வாகம் நியமிக்கிற நடுவர்கிட்டதான் போகணும்."

"கடைசிப் பக்கத்துல இருக்கிறது உங்க கையெழுத்தாம்மா?" என்றார் நீதிபதி.

"என்னுதுதான் ஐயா. ஆனா அந்த நிபந்தனை அப்போ அதுல இல்ல."

"கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை நான் மதிச்சே ஆகணும். பின்னால நுழைச்சதுன்னா, நிரூபிங்க."

நடுவரின் மூடிய அறையில் பேசுவது வெளியே வராது. அதே குழாயடியில் இன்னும் பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். அதை நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது.

11.05. வராந்தா பெஞ்சில் நகலைப் புரட்டினாள். சில பக்கங்களின் வலது கீழ்மூலையில் ஏதோ நிழல்.

"ஜெராக்ஸ் மெஷின் அழுக்கும்மா" என்றார் அந்தப் பக்கம் வந்த குமாஸ்தா.

"மெஷின் அழுக்குன்னா அஞ்சு பக்கத்திலயும் ஒரே இடத்துல விழணுமே அண்ணே?"

கொதிகலன் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று சோதிப்பது அவள் வேலை. அதற்கு ஊற்றும் மருந்து பட்டு விரல்கள் எப்போதும் கறுத்தே கிடந்ததால் ஆலையில் அவளுக்குக் 'கரிக்கை' என்று பெயர். வைத்தவர் மேனேஜர்.

12.15. அவள் கேட்டபடி அசல் ஒப்பந்தத்தோடு மேனேஜர் கூண்டில் ஏறினார். அவளுக்கு வக்கீல் இல்லை. தானே கேட்டாள்.

"நான் எங்க கையெழுத்துப் போட்டேன் சார்?"

"உன் சோதனை மேஜையிலதான். கையில இருந்த குடுவையைக்கூட அப்பத்தான் வச்சே."

"படிச்சேனா?"

"படிச்சியாவா! ஒவ்வொரு பக்கமா புரட்டி, என் அரை மணி நேரத்தைத் தின்னுட்டே. தெரியாம போட்டேன்னு மட்டும் சொல்லிடாதே."

அவருடைய வக்கீல் திருப்தியாகத் தலையாட்டினார்.

"அப்புறம் ஃபைலை யார் தொட்டாங்க?"

"யாரும் தொட முடியாது. பீரோ சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதே இல்ல."

"ரொம்ப நன்றி சார். ஐயா, அசலோட வலது கீழ்மூலையைப் பாருங்க."

நீதிபதி புரட்டினார். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருங்கறை. மூன்றாம் பக்கம் பளிச்சென்று இருந்தது.

"அது சில்வர் நைட்ரேட் ஐயா, நான் உப்பு சோதிக்கிற மருந்து. படும்போது தண்ணி மாதிரி நிறமே தெரியாது. வெளிச்சம் பட்டப்புறம்தான் கறுக்கும். அதனால அன்னிக்கு சாரும் பார்க்கல, நானும் பார்க்கல. எல்லாப் பக்கத்தையும் புரட்டினேன்னு அவரே சொல்றார். அப்போ இந்தப் பக்கம் மட்டும் என் கைக்கு வரவே இல்ல. பழையதை உருவிட்டு இதைச் சொருகினது யாருன்னா..." அவள் கூண்டைப் பார்த்தாள். "சாவி யார் இடுப்புல இருக்கோ, அவர்தான்."

"மத்த நாலு பக்கத்தையும் மாத்தித் தொலைச்சிருக்கலாமே!" பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"கடைசிப் பக்கத்துல என் கையெழுத்து இருக்கே. அதை எப்படி மாத்துவார்? மத்த கறையெல்லாம் கரிக்கையோட அழுக்குன்னு விட்டுட்டார்."

மேனேஜரின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது.

1.10. நிர்வாகத்தின் மனு தள்ளுபடி. வழக்கு இதே மன்றத்தில், திறந்த கதவோடு நடக்கும். மேனேஜர் மேல் தனி விசாரணை. குமாஸ்தா அன்றைய வாக்குமூலங்களை அவளும் மேனேஜரும் கையெழுத்துப் போட நீட்டினார். அவள் முதலில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கம் பக்கமாக, விரல் வைத்துப் படித்தாள்.

"சீக்கிரம் போட்டுக் கொடேன்" என்றார் மேனேஜர், தாழ்ந்த குரலில்.

அவள் நிமிரவில்லை.

"இருங்க சார். மூணாம் பக்கத்துலதான் இருக்கேன்."